பக்கம் சுருங்கிய குற்றம்

அகில பாரத வலைப்பக்கத் திறன் நிலையத்தில் கணினிகள் இல்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். கணினிகள் இருந்தன. கீழ்த்தளத்தில், ஏ.சி. அறையில், வரிசையாக இருந்தன. திறப்பு விழாவன்று ஒவ்வொன்றுக்கும் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டு, தூசி படக்கூடாதே என்று பிளாஸ்டிக் உறை மாட்டி, கதவைப் பூட்டிவிட்டார்கள். சாவி இயக்குநரிடம். இயக்குநர் சாவியைத் தர வேண்டுமானால் பதிவாளர் குறிப்பு எழுத வேண்டும். பதிவாளர் எழுதத் துணை இயக்குநர் பரிந்துரைக்க வேண்டும். துணை இயக்குநர் பரிந்துரைக்க வேண்டுமானால் உள்ளே கணினிகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கச் சாவி வேண்டும். இந்த ஏற்பாட்டை எவன் யோசித்தானோ, அவன் கையில் நாட்டையே கொடுக்கலாம்.

சுபாஷிணி அங்கே போய் மாட்டிக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. நாட்டின் தலைநகரில், மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ஏறி, ஓர் அரசு வாரியத்தில் ஒப்பந்தத் தட்டச்சராகப் போய் வந்துகொண்டிருந்தவள். ஒருநாள் வாரியத்தில் சுற்றறிக்கை வந்தது. வலைப்பக்கம் செய்யத் தெரியும் என்று மேற்படி நிலையத்தில் சான்றிதழ் வாங்கியவர்களுக்குத்தான் இனி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். மார்ச் கடைசிதான் கெடு. கணவன் ஜெயராம் வேலை பார்த்த கூரியர் கம்பெனி ஆட்குறைப்பு செய்து சில மாதம் ஆகியிருந்தது. வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் சுபாஷிணியின் அந்த ஒற்றை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன. போகாமல் என்ன செய்வாள்?

முதல் நாள் வகுப்பைத் தேடி இறங்கியபோது வழியில் அந்த ஏ.சி. அறையைப் பார்த்தாள். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தவள், போனில் ஒரு படம் எடுத்து, “இதுலதான் படிக்கப் போறேன்” என்று ஜெயராமுக்கு அனுப்பினாள். பாவம், அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

வகுப்பு மாடியில். குத்துவிளக்கு ஏற்றி, இயக்குநர் டாக்டர் சதுர்வேதி உரையாற்றினார். கழுத்தில் போட்ட மாலையை அவர் கழற்றவே இல்லை.

“கணினி இருந்தால் யார் வேண்டுமானாலும் வலைப்பக்கம் செய்துவிடுவான். கணினி இல்லாமல் செய்வதற்குப் பெயர்தான் திறன். இந்த நிலையத்தின் சாதனையை ஒரே வரியில் சொல்கிறேன். இத்தனை வருடங்களில் ஒரு மாணவர்கூட இங்கே ஒரு கணினியையும் கெடுத்தது கிடையாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் சுபாஷிணியும் தட்டினாள்.

பாடம் ஆரம்பித்தது. எச்.டி.எம்.எல். என்றால் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் மொழி. சி.எஸ்.எஸ். என்றால் அது எந்த நிறத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சொல்வது. இரண்டையும் லாங் நோட்டில் நீல மையால் எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நிறங்களைக் கலர் பென்சிலால் தீட்ட வேண்டும். படத்துக்கும் எழுத்துக்கும் இடையே விட்ட இடைவெளியைத் துணை இயக்குநர் ரங்கராஜன் ஸ்கேல் வைத்து அளப்பார். ஒரு நூல் கூடினால் மதிப்பெண் போச்சு. பாலு என்ற மின்வாரிய ஊழியர் ஒரு வாழையிலைக்குப் பச்சைப் பேனாவால் நிறம் போட்டுவிட்டார். பச்சை மை கெஜட்டட் அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது என்று அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இலை பச்சையாகத்தானே இருக்கும் என்று அவர் பதில் எழுதினார். இலைக்கு அப்படி அனுமதி அளித்த ஆணையின் நகலை இணைக்கவும் என்று இரண்டாவது மெமோ வந்தது. மனுஷர் அதோடு படிப்பை விட்டுவிட்டார்.

பாடத்திட்டத்தின் கடைசி அத்தியாயம், திரைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கம். ரெஸ்பான்சிவ் என்பார்கள். ரங்கராஜன் ஒரு வெள்ளைத்தாளைத் தூக்கிக் காட்டினார்.

“இது பெரிய திரை.” தாளை இரண்டாக மடித்தார். “இது போன். அவ்ளோதான் ரெஸ்பான்சிவ். யாருக்காவது சந்தேகம் இருக்கா? இல்லை. அச்சா, அத்தியாயம் முடிஞ்சுது.”

இந்த லட்சணத்தில் படித்தால் சான்றிதழ் வந்தாலும் வேலை வராது என்று சுபாஷிணிக்குப் புரிந்துவிட்டது. ஜெயராமின் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டினாள். மெட்ரோவில் நின்றுகொண்டே வீடியோ பார்த்தாள். முதலில் எழுதிய பக்கத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கூத்தடித்தது. அழித்தாள், எழுதினாள், மறுபடி அழித்தாள். தேர்வுக்கு ஒரு பக்கம் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். எதிர் பிளாக்கில் இட்லி மாவு அரைத்து விற்கும் கோமளாவுக்காக ஒரு பக்கம் செய்தாள். கணினியில் திறந்தால் மாவு, விலை, முகவரி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பத்தியாக நிற்கும். போனில் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். ராஜீவ் சௌக் மெட்ரோ ஸ்டேஷனில் கூட்டம் ஏறினால் ஜனங்கள் ஒடுங்கி நிற்பதில்லையா, அந்த மாதிரி.

கோமளா தன் போனில் அதைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, என் மாவு இவ்ளோ வெள்ளையாவா இருக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேர்வன்று அதிகாரிகளுக்கென்று ஒரு டப்பா நிறைய இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்பினாள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். இயக்குநர் சதுர்வேதி, துணை இயக்குநர் ரங்கராஜன், பதிவாளர் பல்லா மேடம். முதலில் இட்லியைத் தின்றார்கள். ரங்கராஜன் விரலை நக்கிக்கொண்டு, “பேஷ், நம்மூர் பதம்” என்றார். அப்புறம் பக்கத்தின் அச்சுப்பிரதியை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ரங்கராஜனுக்கு அதைத் தன் போனில் திறந்து பார்க்கும் சபலம் வந்தது. சனி அப்படித்தான் வரும்.

“என்னம்மா இது? பேப்பர்ல மூணு பத்தி இருக்கு. போன்ல ஒண்ணுதான் இருக்கு. மிச்ச ரெண்டு எங்கே?”

“கீழ இருக்கு சார். தள்ளிப் பாருங்க.”

“கீழ போகச் சொல்லி யார் உத்தரவு போட்டா?”

“போன் சின்னதா இருக்குல்ல சார், அதுக்குத் தக்கன மாறிக்கும். நீங்க நடத்துன பாடந்தான் சார், கடைசி அத்தியாயம்.”

பல்லா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “குழு பார்த்து அளந்த பிறகு பக்கம் மாறுகிறது. இது மோசடி இல்லையா?”

சதுர்வேதி பெருமூச்சு விட்டார். “மகளே, முப்பது வருட சர்வீஸில் எத்தனை அமைச்சர்களைப் பார்த்திருப்பேன். வந்தவருக்கெல்லாம் ஏற்றபடி நான் மாறினேன். மொழியை மாற்றினேன், குல்லாவை மாற்றினேன், யாருக்குப் பூங்கொத்து யாருக்குச் சால்வை என்று மாற்றினேன். ஆனால் பக்கத்தை மாற்றியதில்லை. பக்கத்துக்கு ஒரு நேர்மை வேண்டும்.”

சுபாஷிணியின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதினார்கள்: பக்கம் சுருங்குகிறது. ஒழுங்கீனம். தோல்வி.

முதல் இடம் ரங்கராஜனின் மச்சினர் பிள்ளை நிகிலுக்கு. அவன் செய்த பக்கம் எந்தத் திரையிலும் மாறாது. ஏனென்றால் எந்தத் திரையிலும் வராது, சார்ட் தாளில்தான் இருந்தது. வாரியத்தில் சுபாஷிணியின் நாற்காலி காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருந்தவனும் அதே நிகில்தான். இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

அவள் வராந்தாவில் ரங்கராஜனை மடக்கினாள். “சார், சர்டிபிகேட் இல்லன்னா வேலை போயிரும் சார். வீட்ல என் சம்பளம் மட்டுந்தான்.”

“பாரும்மா, ஒன் அப்பா மாதிரி சொல்றேன். பேப்பர்ல வராதது பக்கமே இல்லை. விதி அப்படி இருக்கு, நான் என்ன பண்ணட்டும்? அடுத்த வருஷம் வா.” ரெண்டடி போய்த் திரும்பினார். “அந்த மிளகாய்ப்பொடி கொஞ்சம் கெடைக்குமா?”

அன்று வீட்டுக்கு வந்து சுபாஷிணி அழவில்லை. தோற்றதுகூடப் பெரிதில்லை, தின்ற இட்லி தொண்டையில் இறங்குவதற்குள் தோற்கடித்தார்களே, அதுதான் தாங்கவில்லை.

“விடுடி, நாய் கடிச்சா நாம திருப்பிக் கடிக்கவா முடியும்” என்றான் ஜெயராம்.

“கடிக்க வேணாம். ஆனா நாய்க்கு ஊசி போடணும்ல.”

ஊசி போட அவள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நாயே டாக்டர் வீட்டுக்கு வந்தது.

நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு அமைச்சகத்தின் செயலாளர் அம்மாளே வருவதாகக் கடிதம் வந்தது. நிலையத்தின் இணையப் பக்கத்தை அவர் தன் கையால் திறந்து வைப்பார், அது போனில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்போதுதான் நிலையத்தில் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. ஊருக்கெல்லாம் வலைப்பக்கம் சொல்லிக்கொடுக்கும் நிலையத்துக்கு வலைப்பக்கம் கிடையாது.

முதல் இடம் பெற்ற நிகிலைக் கூப்பிட்டார்கள். அவன் இரண்டு நாள் உட்கார்ந்து சார்ட் தாளில் தாமரை, மயில், மூவர்ணம் எல்லாம் போட்டு அருமையாகத் தீட்டிக்கொண்டு வந்தான். “மாமா, இத எப்படி இன்டர்நெட்ல ஏத்தறது? டேப் போட்டு ஒட்டணுமா?” என்று கேட்டானாம். ரங்கராஜன் தலையில் கை வைத்தார். பிறகு அந்தக் கையாலேயே போனை எடுத்தார்.

“சுபாஷிணி, சௌக்கியமாம்மா? ஒன் ஞாபகமாவே இருக்கேன்.”

“சொல்லுங்க சார்.”

“நம்ம நிலையத்துக்கு ஒரு பக்கம் பண்ணணும். போன்ல சுருங்கணும்.”

“சுருங்குனா ஒழுங்கீனம்ல சார்?”

“அதெல்லாம் மனசுல வெச்சுக்காதே” என்றார்.

சான்றிதழ் கைக்கு வந்தால்தான் கணினியைத் தொடுவேன் என்று சுபாஷிணி சொல்லிவிட்டாள். அடுத்த வருடம் வரை அசையாத விதி மறுநாள் மத்தியானத்துக்குள் அசைந்து கொடுத்தது. “மேற்படி மாணவியின் பக்கம் சுருங்கியது கருணை அடிப்படையில் மன்னிக்கப்படுகிறது” என்ற குறிப்போடு சான்றிதழ் வந்தது. அவள் அதை வாங்கிய கையோடு வாரியத்தில் கொடுத்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, நாற்காலி பிழைத்தது.

இத்தோடு நிறுத்திக்கொண்டு ஒரு சாதாரணப் பக்கத்தைச் செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பாள். அவர்கள் விட்டால்தானே.

பக்கத்தின் உச்சியில் மூன்று அதிகாரிகளின் படங்களும் இருக்க வேண்டும் என்று ஆணை. பெரிய திரையில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, நடுவில் இயக்குநர், பிரச்சினை இல்லை. போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் யார் மேலே? இந்தக் கேள்வி எழுந்ததிலிருந்து நிலையத்தில் ஒருவருக்கும் மத்தியானத் தூக்கம் இல்லை.

முதலில் சதுர்வேதி கூப்பிட்டார். பெரிய டேப்லட் ஒன்றை மடியில் வைத்திருந்தார், குழந்தை மாதிரி. “இயக்குநர் மேலே என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.” அடுத்து பல்லா மேடம், கையடக்கமான பழைய குட்டி போனைத் துடைத்தபடி சொன்னார்: “பெண்களுக்கு முதலிடம் என்று அரசாங்கமே சொல்கிறது. இதை அந்த இரண்டு பேரிடமும் சொல்லாதே.” கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் ரங்கராஜன். புத்தகம் மாதிரி விரித்து மடக்கும் புதுப் போன் வாங்கியிருந்தார். “நாம ரெண்டு பேரும் தமிழ் ஆளுங்க. எனக்கு இது கூடவா பண்ண மாட்டே? நான் மேல வந்தா ஒனக்குத்தானே பெருமை?”

மூன்று பேருக்கும் சுபாஷிணி ஒரே பதிலைத்தான் சொன்னாள். “ஆகட்டும், செஞ்சிரலாம்.”

வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். திரையின் அகலத்தைப் பொறுத்து எது மேலே, எது கீழே என்று சி.எஸ்.எஸ்.ஸில் கட்டளை எழுதலாம். அதுதானே கடைசி அத்தியாயம். டேப்லட்டின் அகலத்துக்குச் சதுர்வேதி முதலில். குட்டி போனின் அகலத்துக்குப் பல்லா மேடம் முதலில். விரிந்த போனின் அகலத்துக்கு ரங்கராஜன் முதலில். ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண போன்களுக்கு என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தாள். முதல் நாள் ஜெயராமுக்கு அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தாள். எடுத்த பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“என்னடி தனியாச் சிரிக்கிற?” என்றான் ஜெயராம்.

“ஊசி ரெடி.”

மூன்று பேரும் தத்தம் திரையில் பார்த்தார்கள். தன் முகம் உச்சியில் இருக்கக் கண்டார்கள். மற்ற இருவரும் தனக்குக் கீழே அடக்கமாக இருக்கக் கண்டார்கள். முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. “கண்டேன், முழுத் திருப்தி” என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு முன் வேறு எந்த ஊழியரும் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று சதுர்வேதி ஆணையும் போட்டார். அதை அவள் கேட்கக்கூட இல்லை.

விழாவுக்கு ஷாமியானா, சோபா, சமோசா எல்லாம் வந்திருந்தன. சதுர்வேதி எழுந்தார். “இந்தப் பக்கத்தின் ஒவ்வோர் எழுத்தும் என் நேரடி மேற்பார்வையில் உருவானது. நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுப் பொறுப்பும் என்னுடையது.” பல்லா மேடம், தன் அனுமதியில்லாமல் ஒரு புள்ளிகூட வைக்கப்படவில்லை என்றார். ரங்கராஜன், யோசனையே தன்னுடையது என்றார். சுபாஷிணி கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.

பட்டுத் திரை விலகியது. செயலாளர் அம்மாள் க்யூஆர் கட்டத்தின் முன் தன் போனை நீட்டினார். கூட்டமும் நீட்டியது. மேடையில் மூன்று அதிகாரிகளும் தத்தம் திரையைத் திறந்து தங்களையே பார்த்துப் பூரித்தார்கள்.

பக்கத்தில் இருந்தவரின் பூரிப்பு ஏன் அவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட்டவர் ரங்கராஜன். எட்டி டேப்லட்டைப் பார்த்தார். அதில் தான் மூன்றாவது. “சார், நீங்க மேல இருக்கேள்.”

“பின்னே? எங்கே இருப்பேன்?”

“என் போன்ல நீங்க எனக்குக் கீழே.”

சதுர்வேதி அந்தப் போனைப் பிடுங்கினார். பல்லா மேடம் இரண்டையும் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இரண்டும் போலி, தன்னுடையதுதான் அசல் என்றார். விரியும் போன் இழுபறியில் மடங்கி ரங்கராஜனின் விரலைக் கவ்வியது. மைக் அணைக்கப்படவில்லை. யார் எந்த வருடம் எந்த மாமாவின் சிபாரிசில் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் வந்தது. நிகிலின் பெயரும் வந்தது. ஜனங்கள் சமோசாவைக்கூட மறந்து கேட்டார்கள்.

செயலாளர் அம்மாள் மட்டும் தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடையது சாதாரண போன். அதில் மூன்று முகங்களும் பக்கத்தின் அடிமட்டத்தில், கழிவறை சுத்தம் செய்யும் ஒப்பந்த அறிவிப்புக்கும் கீழே, ஒரே அளவில் இருந்தன. உச்சியில் ஒரே ஒரு படம். வரிசையாகக் கணினிகள், பிளாஸ்டிக் உறைக்குள், காய்ந்த சாமந்தி மாலையோடு. அதன் கீழே இயக்குநரின் பொன்மொழி: இத்தனை வருடங்களில் ஒரு மாணவர்கூட இங்கே ஒரு கணினியையும் கெடுத்தது கிடையாது.

“இந்த அறை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார் அம்மாள்.

மூன்று கைகளும் கீழ்த்தளத்தைக் காட்டின.

“திறந்து காட்டுங்கள்.”

சதுர்வேதி, பதிவாளர் குறிப்பு எழுதினால் சாவி தருவதாகச் சொன்னார். பல்லா மேடம், துணை இயக்குநர் பரிந்துரைத்தால் எழுதுவதாகச் சொன்னார். ரங்கராஜன் போன் கவ்விய விரலை ஊதிக்கொண்டே, உள்ளே நல்ல நிலையில் இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொன்னால் பரிந்துரைப்பதாகச் சொன்னார். அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் டிரைவரை அழைத்துப் பூட்டை உடைக்கச் சொன்னார். உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

விசாரணை வந்தது. இந்தப் பெண்தான் சதி செய்தாள் என்று மூன்று பேரும் முதல்முறையாக ஒற்றுமையாகச் சொன்னார்கள். அவள் தன்னிஷ்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லையே. முழுத் திருப்தி என்று மூன்று பச்சைக் கையெழுத்து இருந்தது. முழுப் பொறுப்பும் என்னுடையது என்று மேடைப்பேச்சு வீடியோவில் இருந்தது. சதுர்வேதியை வேலையே இல்லாத ஒரு கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள், பல்லா மேடம் நீண்ட விடுப்பில் போனார். ரங்கராஜனை நிலையத்தின் தற்காலிகப் பொறுப்பில் நாறவிட்டார்கள்.

ரங்கராஜன் சும்மா இருப்பாரா? சுபாஷிணியின் சான்றிதழை ரத்து செய்து ஓர் ஆணை தட்டச்சு செய்தார். நிலையத்தின் இணையப் பக்கத்தில் வெளியிட்ட நாளிலிருந்துதான் ரத்து செல்லும் என்று விதி. பக்கத்தைத் திருத்துவதற்கான கடவுச்சொல் அடங்கிய உறையை அவள் முறைப்படி கொடுத்திருந்தாள், மேஜையிலேயே இருந்தது. உறையைப் பிரிக்கத் தெரிந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்றுதான் நிலையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வாரியத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தபோது சுபாஷிணிக்குப் போன் வந்தது.

“சுபாஷிணி, ஒரு சின்ன உபகாரம்மா. அந்த எலி ரூம் படத்தை எடுத்துடு. அப்படியே ஒரு ஆர்டர் அனுப்பறேன், அதைப் பக்கத்துல போட்டுடு.”

“என்ன ஆர்டர் சார்?”

“அது... ஒன் சர்டிபிகேட் சம்பந்தமாத்தான்.”

சுபாஷிணி ஒரு இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டி நிதானமாகத் தின்றாள். அவர் காத்திருந்தார்.

“பேப்பர்லயே வெச்சுக்கோங்க சார். பேப்பர்ல வராததுதான் பக்கமே இல்லையே. விதி அப்படி இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?”

போனை வைத்துவிட்டு அடுத்த இட்லியை எடுத்தாள். நிலையத்தின் பக்கம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. எந்தப் போனில் திறந்தாலும் அளவாகச் சுருங்கிக்கொள்ளும்.